புதுசா, பழசா? டாப் திறக்கும் கார் ஒன்றைத் தேர்ந்தெடுத்த கதை: ஒரு நிகழ்வு ஆய்வு

இது 2025 ஜூன் முதல் 2026 பிப்ரவரி வரை நடந்தது. வாங்கியவர், விற்றவர், இடையில் வந்தவர்கள் யாருடைய பெயரும் இதில் இல்லை. வாங்கியவரும் அவர் மனைவியும் படித்துப் பார்த்து, எழுதலாம் என்று சொன்ன பிறகே எழுதுகிறேன். செகண்ட் ஹேண்ட் கார்களை வாங்குவதற்கு முன் பார்த்துச் சொல்வது என் தொழில். அதற்கு முன்னால் பல வருடம் சர்வீஸ் சென்டரில் இருந்தேன். கன்வெர்ட்டிபிள், அதாவது டாப் திறக்கும் கார் பற்றி என்னிடம் கேட்பவர்கள் வருடத்துக்கு இரண்டு மூன்று பேர்தான். அத்தனை பேரும் ஒரே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள் என்பதால் இந்த ஒன்றை முழுதாக எழுதி வைக்கிறேன்.

## பின்னணி

அவர் கோயம்புத்தூர்க்காரர். வயது 61. பம்ப்செட்டுக்கான வார்ப்படங்கள் செய்யும் பவுண்டரியை முப்பது வருடத்துக்கு மேல் நடத்திவிட்டு, 2024-ல் மகளிடம் ஒப்படைத்துவிட்டார். வீட்டில் ஏற்கெனவே இரண்டு கார். மூன்றாவது தேவைக்கு இல்லை, ஆசைக்கு. அதை முதல் நாளே ஒளிக்காமல் சொன்னார். "தம்பி, இருபத்தஞ்சு வயசுல ஒருத்தரோட ஓப்பன் ஜீப்புல ஆனைகட்டி வரைக்கும் போனேன். அந்தக் காத்து இன்னும் மூஞ்சியிலயே இருக்குது. இப்ப இல்லைன்னா எப்பங்க?"

மொத்தச் செலவு 1 கோடிக்குள், அதிகம் போனால் 1 கோடியே 5 லட்சம். கடன் வேண்டாம், டெபாசிட் ஒன்று முதிர்கிறது, அதிலிருந்து எடுத்துக்கொள்கிறேன் என்றார். கம்பெனி பெயரில் வாங்கினால் ஏதாவது மிச்சமாகுமா என்று ஆடிட்டரைக் கேட்டிருக்கிறார். பயணிகள் காருக்குக் கட்டும் ஜி.எஸ்.டி.யை இன்புட் கிரெடிட்டாக (கம்பெனி கட்ட வேண்டிய ஜி.எஸ்.டி.யில் கழிவாக) எடுக்க முடியாது என்று ஆடிட்டர் சொன்னதும் அந்தப் பேச்சு அங்கேயே முடிந்தது.

இந்தியாவில் டாப் திறக்கும் காருக்கு இருக்கும் சந்தை மிகச் சின்னது. புதிதாக வாங்குவதென்றால் இந்த விலைப்பட்டியில் அப்போது அவர் முன் இருந்தவை இரண்டே. ஒன்று பி.எம்.டபிள்யூ. இசட்4 எம்40ஐ. இரண்டே சீட்டு, 3 லிட்டர் ஆறு சிலிண்டர் எஞ்சின், 340 குதிரைத்திறன், துணிக்கூரை 10 வினாடியில் திறக்கும். 2023-ல் 89.30 லட்சத்துக்கு வந்தது, 2025-ல் 97 லட்சத்தை நெருங்கிவிட்டது. மற்றது மெர்சிடிஸ் பென்ஸ் சி.எல்.இ. 300 கேப்ரியோலே. நாலு சீட்டு, 2 லிட்டர் எஞ்சின், 2024 ஆகஸ்ட்டில் ஷோரூம் விலை 1.10 கோடி. கூரை திறக்க 20 வினாடி ஆகும், ஆனால் 60 கிலோமீட்டர் வேகம் வரை ஓடிக்கொண்டே திறக்கலாம். பழையதில் இதைவிட நிறைய உண்டு. 2014 முதல் இங்கே விற்ற ஜெர்மன் கன்வெர்ட்டிபிள்கள் 25 லட்சத்திலிருந்து கிடைக்கின்றன.

அவருக்கு முதலில் தோன்றிய கேள்வி எல்லோருக்கும் தோன்றுவதுதான்: "40 லட்சத்துக்கு நல்ல பழசு கிடைக்கும்போது எதுக்கு ஒண்ணேகால் கோடி?"

## காரைப் பார்ப்பதற்கு முன் கேட்டவை

எந்தக் காரையும் பார்க்கும் முன் நான் கேட்பது நாலு விஷயம். யார் யார் உட்காருவார்கள், எந்த நேரத்தில் ஓட்டுவீர்கள், எங்கே நிற்கும், எத்தனை வருடம் வைத்திருப்பீர்கள். இதை அவர் மட்டும் இருக்கும்போது கேட்காமல், அக்காவையும் (அவர் மனைவியை அப்படித்தான் கூப்பிடுவேன்) கூட வைத்துக்கொண்டு கேட்டேன். அது நல்லதாகப் போயிற்று.

அவர் மனதில் ஓடிக்கொண்டிருந்தது இசட்4. படத்தைக் காட்டியபோது அக்கா கேட்டது ஒன்றே ஒன்று: "ஏனுங்க, பாப்பாவ வீட்ல விட்டுப்போட்டு நாம ரெண்டு பேர் மட்டும் கோத்தகிரி போறதுங்களா?" பாப்பா என்பது மகளின் நாலு வயதுக் குழந்தை. வாரத்தில் மூன்று நாள் அப்புச்சி (அம்மாவின் அப்பா) வீட்டில்தான் இருக்கும். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் படத்தை மூடி வைத்துவிட்டார்.

மற்ற பதில்கள்: ஓட்டுவது காலை 6 முதல் 8 வரை, சிறுவாணி ரோடு, ஆனைகட்டி ரோடு. மாதம் ஒரு முறை மலை. வைத்திருப்பது குறைந்தது ஏழு எட்டு வருடம். நிற்பது வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் தகரக் கொட்டகையில். அக்காவுக்குக் கழுத்து வலி, எலும்பு மருத்துவர் நீண்ட பயணம் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்.

ஏழு எட்டு வருடம் என்ற பதில்தான் என் பார்வையைத் தீர்மானித்தது. எட்டு வயதுக் காரை வாங்கி எட்டு வருடம் வைத்திருந்தால் கடைசியில் அதற்கு வயது பதினாறு. எஞ்சின் அதைத் தாங்கும், துணிக்கூரை தாங்காது.

## கூரையைப் பற்றி ஒரு விளக்கம்

சாதாரண செடானில் கூரை என்பது ஒரு தகடு, அதைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. கன்வெர்ட்டிபிளில் அது தனி இயந்திரம். பல அடுக்குத் துணி, உள்ளே மடங்கும் எலும்புக்கூடு, ஹைட்ராலிக் பம்ப், சிலிண்டர்கள், ஒவ்வொரு அசைவையும் கண்காணிக்கும் சென்சார்கள், துணியில் ஒட்டப்பட்ட பின் கண்ணாடி, சுற்றிலும் பீடிங் ரப்பர், மழைத் தண்ணீர் இறங்க இரண்டு பக்கமும் குழாய். இதில் ஒரு சென்சார் தவறான தகவல் கொடுத்தால்கூட கூரை பாதியில் நின்றுவிடும். மழையில் அப்படி நின்றால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இவை எதுவும் கிலோமீட்டர் கணக்கில் தேய்வதில்லை. வெயிலிலும் வருடத்திலும் தேய்கின்றன. 20,000 கிலோமீட்டர் மட்டுமே ஓடிய எட்டு வருடக் காரில் எஞ்சின் புதிது மாதிரி இருக்கும், பீடிங் ரப்பர் காய்ந்த பலாக்கொட்டைத் தோல் மாதிரி இருக்கும். குறைவாக ஓடியது என்பதைப் பெரிய தகுதியாக விளம்பரத்தில் போடுவார்கள். டாப் திறக்கும் காரில் அது பாதித் தகுதிதான். மாதக்கணக்கில் கூரையை மூடியே வைத்திருந்தால் மடிப்புகள் இறுகும், சிலிண்டர் சீல்கள் காயும்.

இன்ஷூரன்சிலும் இதற்கு ஒரு முகம் உண்டு. க்ளெய்ம் வந்தால் ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்குப் பாதி விலையைக் கழித்துக்கொள்வார்கள். உலோகப் பாகங்களுக்கு வயதுக்கு ஏற்ப கழிவு. தேய்மானம் கழிக்காத ஜீரோ டெப்ரிசியேஷன் பாலிசி எடுத்தால் இதிலிருந்து தப்பலாம், ஆனால் காருக்கு வயது ஏற ஏற அதைப் பெரும்பாலும் தர மாட்டார்கள். மேலும் தானாகத் தேய்ந்து ஒழுகும் கூரைக்கு எந்த பாலிசியும் பணம் தராது.

## முதல் கார்: டெல்லிப் பதிவு, 36 லட்சம்

ஜூலை முதல் வாரத்தில் அவருக்கு ஒரு புரோக்கர் மூலம் தகவல் வந்தது. நாலு சீட்டு, பெட்ரோல், 2017 கடைசியில் பதிவு, சிங்கிள் ஓனர், 29,000 கிலோமீட்டர், 36 லட்சம். எந்த கம்பெனி என்பது இங்கே முக்கியமில்லை. குறை காரைத் தயாரித்தவர்களுடையது அல்ல.

டெல்லியில் டீசல் காருக்கு 10 வருடம், பெட்ரோல் காருக்கு 15 வருடம் என்ற வரம்பு அப்போது இருந்ததால் அங்கே விலை இறக்கமாக இருந்தது. தெற்கே கொண்டுவந்தால் லாபம் என்று நினைப்பது இயல்பு. அதனால் முதலில் காரைப் பார்க்காமல் கணக்கைப் பார்த்தோம். வேறு மாநிலக் காரை இங்கே நிரந்தரமாக வைத்துக்கொள்ள அங்கிருந்து என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வாங்கி, இங்கே மறுபதிவு செய்து, தமிழ்நாட்டு லைஃப் டாக்ஸ் (ஒரே தடவையாகக் கட்டும் வாகன வரி) கட்ட வேண்டும். கார் புதிதாக வாங்கப்பட்ட விலையையும் அதன் வயதையும் வைத்து அந்த வரி வரும். நாம் கொடுக்கும் 36 லட்சத்தை வைத்து அல்ல. ஆர்.டி.ஓ. வேலை செய்யும் ஏஜென்ட் போட்டுக் கொடுத்த தோராயக் கணக்கு 8 லட்சத்தைத் தாண்டியது. டெல்லியில் கட்டிய வரியில் மீதியைத் திரும்பக் கேட்கலாம், ஆனால் அதைக் கேட்டு வாங்குவது அந்த ஓனரின் வேலை, எத்தனை மாதமாகும் என்றும் தெரியாது. லாரியில் ஏற்றி வர ஒரு செலவு. ஆக 36 லட்சம் என்பது வீட்டு வாசலில் 46 லட்சம்.

அதற்கும் சரி என்றார். போய்ப் பார்த்தேன்.

பெயிண்ட் அளவு மீட்டரை வைத்தால், கம்பெனி பெயிண்ட் 100 முதல் 150 மைக்ரான் வரை காட்டும். பானெட், கதவுகள், பின்பக்கம் எல்லாம் அதற்குள்தான் இருந்தன. இடது பக்கம் முன் கண்ணாடியைத் தாங்கும் தூணில் வைத்தபோது 410. இன்னொரு முறை வைத்தேன், 430. உள்ளே பட்டி போட்டிருக்கிறது என்று அர்த்தம். "சின்ன டச்சப் சார்" என்றார்கள். சாதாரணக் காரில் ஒரு கதவில் இதைப் பார்த்தால் விலையைக் குறைத்துக் கேட்பேன், அவ்வளவுதான். கன்வெர்ட்டிபிளில் மேல் தகடு கிடையாது. கார் உருண்டால் தலையைக் காப்பது அந்த இரண்டு முன் தூண்களும், பின் சீட்டுக்குப் பின்னால் வெளியே எழும்பும் கம்பிகளும் மட்டுமே. அந்தத் தூணில் டிங்கரிங் என்றால் பேச்சுக்கே இடமில்லை.

இருந்தாலும் முழுதாகப் பார்த்தேன். எஞ்சினை ஓடவிட்டு கூரையை ஐந்து முறை திறந்து மூடினேன். முதல் மூன்று முறை சரியாகப் போனது. நாலாவது முறை பாதியில் மூச்சு வாங்கியது. ஐந்தாவதில் பம்ப் சத்தம் மாறி, மூடி முடிக்க முப்பது வினாடிக்கு மேல் ஆனது. ஒரே ஒரு முறை திறந்து காட்டினால் இது தெரியாது. பின் கண்ணாடியின் மேல் ஓரத்தில் துணியும் கண்ணாடியும் சேரும் இடத்தில் விரலை ஓட்டினேன். ஓரிடத்தில் பசை வழவழப்பாக, கம்பெனிப் பசை இல்லை என்று தெரிகிற மாதிரி புடைத்திருந்தது. யாரோ கையால் ஒட்டியிருக்கிறார்கள். கதவைத் திறந்தபோது கண்ணாடி கொஞ்சம் கீழே இறங்கி வழிவிட வேண்டும், வலது கதவில் அது ஒரு கணம் தாமதித்தது.

அன்று மாலையே போனில் "வேண்டாங்கண்ணா" என்று சொன்னேன். காரணங்களில் முதலில் தூண், பிறகு கூரை, கடைசியாக வரி என்று வரிசைப்படுத்திச் சொன்னேன். அவருக்கு வருத்தம். அந்தச் சிவப்பு நிறம் அவருக்குப் பிடித்திருந்தது.

## புதியதன் கணக்கு

அடுத்து புதிய நாலு சீட்டு, அந்த சி.எல்.இ. ஷோரூம் விலை 1.10 கோடி என்றே வைத்துப் பார்த்தோம். தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் லைஃப் டாக்ஸை உயர்த்தியதிலிருந்து 20 லட்சத்துக்கு மேல் விலையுள்ள காருக்கு 20 சதவீதம். அதாவது 22 லட்சம். இன்ஷூரன்ஸ் 4 லட்சத்துக்குப் பக்கம். டி.சி.எஸ். (விற்பவர் நம்மிடம் வசூலித்துக் கட்டும் முன்வரி) 1 சதவீதம் தனி, அது வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம். ஆன் ரோடு 1 கோடியே 36 லட்சத்துக்கு மேல். பட்ஜெட்டுக்கு 30 லட்சம் வெளியே.

மகள் சொன்னாள், "அப்பா, ஆசைப்படறீங்க, வாங்கிக்கங்க. ஆனா அந்த 22 லட்சத்தைக் கொஞ்சம் யோசிங்க." செலவைக் குறைப்பதற்காக அவள் அப்படிச் சொன்னாள். எனக்கு அதில் வேறொன்று பட்டது. அந்த 22 லட்சம் காரோடு ஒட்டிக்கொள்ளும் பணம். முதல் ஓனர் கட்டியது, கார் இதே மாநிலத்தில் கை மாறினால் இரண்டாவது ஓனர் மறுபடி கட்டத் தேவையில்லை. ஆனால் விற்கும்போது அந்தப் பணம் முதல் ஓனருக்கு முழுதாகத் திரும்பி வருவதும் இல்லை. மறுவிற்பனையில் மிகப் பெரிய இழப்பு முதல் வருடத்திலேயே வருவதற்கு இது ஒரு காரணம்.

அப்படியானால் நாம் தேட வேண்டியது புதியதும் அல்ல, பழையதும் அல்ல. தமிழ்நாட்டுப் பதிவு, ஒன்றிரண்டு வருடத்துக்குள், கம்பெனி வாரண்டி மிச்சமிருக்கும் கார். கூரை இன்னும் இளமையாக இருக்கும், வரி கட்டியாகிவிட்டது, முதல் வருட இழப்பு வேறொருவர் கணக்கில். ஜூலை கடைசியில் இதை அவரிடம் சொன்னேன். "அந்த மாதிரி கார் தமிழ்நாட்டுல எத்தனை இருக்கும்?" என்றார். மிகக் கொஞ்சம். அதுதான் சிக்கல், காத்திருக்க வேண்டும்.

## காத்திருப்பும் ஜி.எஸ்.டி.யும்

ஒன்று கிடைத்தது. சேலத்தில், பத்து மாதம் ஓடிய அதே நாலு சீட்டு சி.எல்.இ., 6,200 கிலோமீட்டர். ஓனர் வெளிநாட்டில் இருக்கும் மகனோடு போய்த் தங்கப்போகிறார். கேட்டது 1 கோடியே 12 லட்சம். எனக்கு அது அதிகமாகப் பட்டது, அவரும் இறங்குகிற மாதிரி இல்லை.

இதற்கிடையில் ஆகஸ்ட் 15 அன்று ஜி.எஸ்.டி. மாற்றம் வரப்போகிறது என்று பிரதமர் அறிவித்தார். செப்டம்பர் 3-ல் கவுன்சில் முடிவெடுத்தது. செப்டம்பர் 22 முதல் பெரிய கார்களுக்கு 28 சதவீதமும் அதன் மேல் செஸ்ஸும் (கூடுதல் வரி) போய், மொத்தமாக 40 சதவீதம் என்று ஆனது. 1500 சி.சி.க்கு மேற்பட்ட இந்த வகைக் காருக்கு முன்பு செஸ்ஸோடு சேர்த்து 48 சதவீதம். ஆகவே ஷோரூம் விலை சுமார் 5.4 சதவீதம் இறங்க வேண்டும். 1.10 கோடியில் அது 6 லட்சத்துக்குப் பக்கம். அதற்கான லைஃப் டாக்ஸையும் சேர்த்தால் 7 லட்சம்.

ஆகஸ்ட்டில் அவர் கேட்டார், "இப்பவே முடிச்சறலாமா தம்பி, வேற யாராவது எடுத்துட்டா?" நான் பொறுக்கச் சொன்னேன். புதியதன் விலை இறங்கினால் பழையதன் விலை அப்படியே நிற்க முடியாது. கன்வெர்ட்டிபிளைத் தேடி சேலத்துக்கு வரிசையில் ஆள் நிற்கப்போவதும் இல்லை. இது தவறிப்போகக்கூடிய முடிவுதான், அதைச் சொல்லிவிட்டுத்தான் பொறுக்கச் சொன்னேன். ஒரே கார், ஒரே விற்பவர். அவர் மனம் மாறினால் எங்களுக்கு மாற்று இல்லை.

செப்டம்பர் கடைசியில் சேலத்து ஓனரே கூப்பிட்டார். 99 லட்சம் என்றார்.

## சேலம்: பார்த்ததும் பார்க்காமல் விட்டதும்

அக்டோபர் 4, சனிக்கிழமை. அவர், அக்கா, பாப்பா, நான் நாலு பேரும் போனோம். குழந்தையின் கார் சீட்டையும் எடுத்துப் போயிருந்தோம், பின்னால் மாட்டிப் பார்க்க. மாட்டியது. முன் சீட்டை அக்கா தன் வசதிக்குத் தள்ளிய பிறகும் குழந்தையின் கால் முட்டவில்லை.

பெயிண்ட் எல்லா இடத்திலும் 110 முதல் 140 மைக்ரான். இரண்டு முன் தூண்களும் சுத்தம். டயர் பக்கவாட்டில் இருக்கும் நாலு இலக்க எண்ணில் முதல் இரண்டு வாரம், பின் இரண்டு வருடம். நாலு டயரும் 2024. இரண்டு சாவி. சர்வீஸ் பதிவு சேஸிஸ் எண்ணோடு பொருந்தியது. கூரையை ஆறு முறை திறந்து மூடினேன், ஆறிலும் ஒரே நேரம், ஒரே சத்தம். கதவுக் கண்ணாடிக்கும் ரப்பருக்கும் நடுவில் ஒரு தாள் துண்டை வைத்து மூடி, மெல்ல இழுத்துப் பார்ப்பேன். எங்கேயாவது வழுக்கிக்கொண்டு வந்தால் அங்கே ரப்பர் பிடிக்கவில்லை. பதினான்கு இடத்தில் இழுத்தேன், எல்லாம் இறுக்கமாகவே இருந்தது.

அப்புறம் தோட்டத்து ஓஸ் பைப்பில் தண்ணீர் விட்டேன். பிரஷர் வாட்டர் சர்வீஸ் கூடாது, மழை மாதிரி மேலிருந்து விழ வேண்டும். கார் நின்ற இடம் தெருப்பக்கமாகச் சரிந்திருந்தது. மூக்கு கீழே, பின்பக்கம் மேலே. ஐந்து நிமிடம் விட்டேன். உள்ளே ஒரு சொட்டு இல்லை. நல்ல கார் என்று மனதில் முடிவாகிவிட்டது. வாசலில் பெரிய வேப்பமரம் இருந்ததைப் பார்த்தேன், அதன் நிழலில்தான் மூன்று மாதம் கார் நின்றது என்று ஓனரே பேச்சோடு பேச்சாகச் சொன்னார். அதை நான் காதில் வாங்கி விட்டுவிட்டேன்.

அக்கா முன் சீட்டில் உட்கார்ந்து ஏற்காடு அடிவாரம் வரை போய்வந்தார். காற்றுத் தடுப்பைத் தூக்கி, கண்ணாடிகளை ஏற்றிவிட்டால் 70 வேகம் வரை கழுத்தில் காற்று அடிக்கவில்லை என்றார். அதற்கு மேல் வேண்டாம் என்பதை அங்கேயே கணவரிடம் பேசி முடித்துக்கொண்டார்.

## பணம் கை மாறிய விதம்

94 லட்சத்தில் முடிந்தது. அதே கார் அன்று புதிதாக என்றால் வரிக்குறைப்புக்குப் பிறகும் 1 கோடியே 28 லட்சத்துக்குக் குறையாது. வாரண்டி இரண்டு வருடத்துக்கு மேல் மிச்சம், அது காரோடு வரும். தனிநபரிடம் வாங்கியதால் டி.சி.எஸ்.ஸும் இல்லை.

ஆர்.சி.யில் (பதிவுச் சான்றில்) வங்கி ஹைப்போதிகேஷன் இருந்தது, அதாவது கடன் தீரும்வரை காரின் மேல் வங்கிக்கு உரிமை. இது ஆபத்தான இடம். முழுப் பணத்தையும் ஓனர் கணக்கில் போட்டுவிட்டு என்.ஓ.சி.க்குக் காத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். இங்கே 2 லட்சம் முன்பணம், கடன் பாக்கியை நேரடியாக வங்கியின் கடன் கணக்கிலேயே கட்டினோம், வங்கி என்.ஓ.சி.யும், அந்தப் பதிவை நீக்கும் படிவம் 35-ம் கைக்கு வந்த பிறகு மீதி. பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் அன்றே கையெழுத்து. இன்ஷூரன்சை 14 நாளுக்குள் பெயர் மாற்ற வேண்டும் என்பதால் காரை எடுத்த மறுநாளே அதற்கு எழுதிக் கொடுத்தோம். பழைய ஓனரின் நோ க்ளெய்ம் போனஸ் (க்ளெய்ம் கேட்காததற்கான தள்ளுபடி) அவரோடு போய்விடும், அதனால் பிரீமியத்தில் கொஞ்சம் வித்தியாசம் கட்ட வேண்டிவந்தது.

வீட்டு வாசல் சரிவில் மூக்கு இடித்தது. சரிவை ஐந்தடி நீட்டி சிமெண்ட் போட்டார். பவுண்டரி ஆட்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிட்டார்கள்.

## நவம்பரில் நடந்தது

வடகிழக்குப் பருவமழை. நவம்பர் நடுவில் இரண்டு நாள் விடாத மழையில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள், மண்டபத்து வாசலில் கார் ஆறு மணி நேரம் நனைந்தது. அடுத்த நாள் காலை அக்காவுக்கு ஒரு வாடை வந்திருக்கிறது. நனைந்த சாக்கு மாதிரி என்றார். அவர் டிக்கியைத் திறந்து இடது ஓரத்துத் துணியை அழுத்தினால் தண்ணீர் கசிகிறது. போனில் அவர் குரலே மாறியிருந்தது. "தம்பி, நீங்க பாத்துத்தான சொன்னீங்க?"

உடனே போனேன். டிக்கி உள்துணியை எடுத்தேன். கூரை மடங்கி உட்காரும் குழிக்குக் கீழே, இடது மூலையில், தண்ணீர் இறங்கும் வாய் இருக்கிறது. சுண்டுவிரல் நுழையும் அகலம். அதில் விரலை விட்டால் மெத்தென்று தட்டுப்பட்டது. பிளாஸ்டிக் குச்சியால் கிளறி எடுத்தேன். கறுப்பாக, பிசின் மாதிரி ஒரு கட்டி. கையில் வைத்து நசுக்கினால் வேப்பம்பூவும் மகரந்தமும் காம்பும் மண்ணும். பங்குனி சித்திரையில் விழுந்த பூ, ஆறேழு மாதம் ஊறி இறுகி அடைத்திருக்கிறது. வலது பக்கமும் பாதி அடைப்பு. தண்ணீர் இறங்க வழியில்லாமல் குழியில் நிரம்பி டிக்கிக்குள் வழிந்திருக்கிறது.

சேலத்தில் நான் தண்ணீர் விட்டபோது கார் மூக்கைக் கீழே வைத்து நின்றது. தண்ணீர் முழுதும் முன்பக்கமாக ஓடிவிட்டது, பின் குழாய்களுக்கு வேலையே வரவில்லை. ஐந்து நிமிடம் என்பதும் போதாது. அவர்களிடம் இதை இப்படியே சொன்னேன். பிழை என்னுடையது.

நல்லவேளையாக மின்சாரப் பெட்டிகள் வரை ஈரம் ஏறவில்லை. வொர்க்‌ஷாப்பில் துணிகளைக் கழற்றி மூன்று நாள் காய வைத்து, இரண்டு குழாய்களையும் மெல்லிய காற்றழுத்தத்தில் சுத்தம் செய்தார்கள். குப்பை அடைத்தது பராமரிப்பில் சேரும், வாரண்டியில் வராது. 6,500 ரூபாய் ஆனது. அதை நான் கொடுக்க முன்வந்தேன், அவர் வாங்கிக்கொள்ளவில்லை. பார்வைக் கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்தேன், அதை வாங்கிக்கொண்டார். அது எனக்கு நிம்மதியாக இருந்தது.

## நான்கு மாதப் பயன்பாடு

எடுத்த நாளிலிருந்து ஒரு நோட்டில் எழுதச் சொல்லியிருந்தேன். பிப்ரவரி 10 வரை 34 முறை எடுத்திருக்கிறார். அதில் டாப் திறந்து ஓட்டியது 21. ஒன்றுகூட காலை ஒன்பது மணிக்குப் பிறகு இல்லை. குழந்தை கூட இருந்தது 15 முறை. இரண்டு சீட்டு எடுத்திருந்தால் அந்த 15-ம் வீட்டிலேயே நின்றிருக்கும்.

டிசம்பரில் மேட்டுப்பாளையம் வழியாகக் கோத்தகிரி போனார்கள். நீலகிரிக்கு 2024 மே முதல் இ-பாஸ் வேண்டும் என்பதால் முந்தின நாளே வண்டி எண்ணைப் போட்டு எடுத்துவிட்டார். பாதி மலையில் டாப்பைத் திறந்து, சீட்டின் கழுத்துப் பகுதியில் வெதுவெதுப்பான காற்று வரும் வசதியைப் போட்டதும் அக்காவுக்குக் கழுத்து வலி தெரியவில்லையாம். "அம்மிச்சி, மரமெல்லாம் பின்னால ஓடுது" என்று பாப்பா மேலே பார்த்தபடியே வந்ததை என்னிடம் மூன்று முறை சொல்லிவிட்டார்.

ஜனவரியில் ஆழியாறு பக்கம் போனபோது குரங்கு அருவிக்கு அருகில் நிறுத்தாமல் நேராக வால்பாறை ஏறிவிட்டார்கள். துணிக்கூரை மேல் குரங்கு குதித்தால் நகம் ஒன்று போதும். இதை நான் சொல்லித் தரவில்லை, அவராகவே யோசித்திருக்கிறார்.

## மாற்றிக்கொண்டவை

இப்போது தண்ணீர் விட்டுப் பார்ப்பதை இரண்டு விதமாகச் செய்கிறேன். கார் மூக்கு மேலே இருக்கும்படி பதினைந்து நிமிடம், கீழே இருக்கும்படி பதினைந்து நிமிடம். சரிவு இல்லாத இடமென்றால் ஜாக்கி வைத்தாவது தூக்குகிறேன். டிக்கி உள்துணியைக் கழற்றாமல் எந்தக் கன்வெர்ட்டிபிளுக்கும் சரி சொல்வதில்லை. விற்பவர் அதற்கு ஒத்துக்கொள்ளாவிட்டால் திரும்பிவிடுகிறேன். கார் எங்கே நின்றது, எந்த மரத்தடியில், எந்த மாதத்தில் என்று கேட்டு எழுதிக்கொள்கிறேன்.

டெல்லிக் காருக்குப் போன பயணம் தேவையில்லாதது. வரிக் கணக்கு கையில் வந்தபோதே, ஏழு எட்டு வருடம் வைத்திருக்கப்போகிறவருக்கு எட்டு வயதுக் கூரை பொருந்தாது என்று நான் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும். அவர் ஆசைக்கு விட்டுக்கொடுத்தேன். ஆனால் மூன்று வருடம் மட்டும் வைத்திருக்க நினைப்பவர், இங்கேயே பதிவான, தூண்கள் சுத்தமாக உள்ள ஒரு 40 லட்சத்துக் காரைக் கேட்டால் என் பதில் வேறாக இருந்திருக்கும். கூரைக்கென்று 4, 5 லட்சத்தைத் தனியாக எடுத்துவைத்துக்கொண்டு வாங்கச் சொல்லியிருப்பேன். புதியதைத்தான் வாங்கு என்று சொல்ல எனக்குத் தோன்றும் ஒரே சூழ்நிலை, பணம் இருந்தும் தேட நேரமில்லாதவருடையது. இவருக்கு நான்கு மாதம் காத்திருக்கப் பொறுமை இருந்தது, அந்தப் பொறுமைக்கு விலை 34 லட்சம்.

பிப்ரவரி 14 அன்று கடைசியாகப் போய்ப் பார்த்தேன். குழாய்கள் இரண்டிலும் ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றினேன், சக்கரத்துக்குப் பின்னால் தடையில்லாமல் கொட்டியது. பீடிங் ரப்பருக்கு சிலிகான் பூசியிருந்தார். கொட்டகையின் கிழக்குப் பக்கம் திறந்திருப்பதால் காலை வெயில் பின் கண்ணாடி ஓரத்தில் விழுகிறது. அங்கே ஒரு தகரம் அடிக்கச் சொல்லிவிட்டு வந்தேன். அடுத்த பார்வை ஏப்ரலில், பக்கத்து வீட்டு வேம்பு பூத்து உதிரும் நேரத்தில்.